மங்கம்மாள் சாலை

நாடாண்டவர்கள் தம் பெயரை நிலைநிறுத்தப் பல வழிகளைக் கண்டனர். சிலர் விண்ணை முட்டும் கோபுரம் எழுப்பினர்; சிலர் கோட்டை கட்டினர்; சிலர் புலவரைக் கொண்டு தம்மைப் பாடுவித்துக் கொண்டனர். மதுரையை ஆண்ட திருமலை நாயக்கரின் பெயரைச் சொல்ல அவரது அரண்மனைத் தூண்கள் இன்றும் நிற்கின்றன. அவருடைய பேரனுக்கு வாழ்க்கைப்பட்டு அக்குடிக்கு வந்த இராணி மங்கம்மாளின் பெயரைத் தென்பாண்டிச் சீமையில் சொல்லி வருபவை சாலைகளே. பதினேழு ஆண்டுகள் அரசாண்ட அவ்வம்மையாரைப் பற்றி, சாலையோரத்து மாணவனாகிய நான் சிறிது எழுதத் துணிகின்றேன்.

சாலையோரத்து மாணவன் என்றது வெறும் அலங்காரச் சொல்லன்று. நான் தூத்துக்குடி உப்பளக் கரையில் பிறந்தவன். என் தந்தையார் துறைமுகத்திலிருந்து சரக்கேற்றி மதுரைக்கும் திருச்சிக்கும் லாரி ஓட்டுபவர். எங்கள் வீட்டில் ஒரே சாலைக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. எட்டயபுரம் வழியாக மதுரைக்குப் போகும் சாலையை என் ஆச்சி மங்கம்மா சாலை என்பார். என் தந்தையார் நாற்பத்தைந்து பி என்பார். பலகையைப் பார்த்துப் படிக்கும் எனக்கோ அது 38. ஆச்சியின் பெயர் முந்நூறு ஆண்டுப் பழமையுடையது. ஆனால் எந்தப் பலகையிலும் எழுதப்படாதது. தந்தையாரின் பெயர் பலகையில் இருந்து அழிந்துபோனது. என் எண் இப்போது பலகையில் இருப்பது. வரலாற்று வகுப்பில் நாயக்கர் காலத்தைப் படிக்கும்போதெல்லாம் இந்த மூன்று பெயர்களும் என் மனத்தில் மோதிக்கொண்டே இருந்தன.

மங்கம்மாள், மதுரை மன்னர் சொக்கநாத நாயக்கரின் தளபதிகளுள் ஒருவரான துபாகுல லிங்கம நாயக்கரின் மகள். சொக்கநாதர் 1659-ல் இளம் பருவத்திலேயே அரியணை ஏறியவர். வீரம் உண்டு, நிதானம் இல்லை என்று வரலாற்றாசிரியர் அவரைப் பற்றிக் கருதுவதில் நியாயம் இருக்கின்றது. தஞ்சை நாயக்கரின் மகளைப் பெண் கேட்டு மறுக்கப்பட்டதால் 1673-ல் தஞ்சை மீது படையெடுத்தார். தஞ்சை நாயக்கர் குலமே அப்போரில் அழிந்தது. வென்ற தஞ்சையையாவது காத்தாரா என்றால் அதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்குள் அது மராத்தியரான வெங்கோஜியின் கைக்குப் போயிற்று. மைசூரார் ஒருபுறம் கோட்டைகளைப் பிடித்தனர். சேதுபதிகள் தன்னுரிமை நாடினர். ருஸ்தம்கான் என்ற குதிரைப்படைத் தலைவன் மன்னரையே தன் பிடிக்குள் வைத்து ஆட்டி வைத்த காலமும் இருந்தது. தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய சொக்கநாதர், அங்கு அரண்மனை கட்டுவதற்காகப் பாட்டனார் மதுரையில் கட்டிய அரண்மனையைப் பிரித்தார் என்பதும் நாம் அறிந்ததே. இத்தனைத் தொல்லைகளுக்கு இடையே அந்தப்புரத்தில் இருந்தபடி அரசியலைக் கூர்ந்து கவனித்து வந்தவர் மங்கம்மாள். 1682-ல் சொக்கநாதர் மறைந்தபோது எஞ்சியிருந்தது சுருங்கிய நாடும், இளம் மைந்தரும், வெறுமையான கருவூலமுமே.

அரச குடும்பத்துப் பெண்கள் கணவனுடன் உடன்கட்டை ஏறுவது பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. மங்கம்மாள் ஏறவில்லை. மைந்தர் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் இளையவராயிருந்தார். அவருக்குத் துணை நிற்க வேண்டியிருந்தது. முத்துவீரப்பர் துடிப்பான இளைஞர். முகலாயப் பேரரசரின் செருப்பை யானை மேல் வைத்து ஊர்வலமாகக் கொண்டுவந்து வணங்கச் சொன்னபோது, அதனைத் தம் காலிலேயே மாட்டிக்கொண்டார் என்று அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு உண்மையோ, அவர் இழந்த பகுதிகள் சிலவற்றை மீட்டார் என்பது உண்மை. ஆனால் ஏழே ஆண்டுகள். 1689-ல் பெரியம்மை அவரைக் கொண்டு சென்றது.

இங்குதான் மங்கம்மாளின் வாழ்வில் மிகக் கொடிய நாட்கள் வருகின்றன. மருமகள் முத்தம்மாள் அப்போது கருவுற்றிருந்தார். கணவனோடு தீயில் இறங்குவேன் என்று நின்ற அவரை, வயிற்றுப் பிள்ளையைக் காட்டி மாமியார் தடுத்தார். பிள்ளை பிறந்தது. பிறந்த சில நாட்களிலேயே, பேறுகாலத்தில் ஆகாத குளிர்ந்த பன்னீரைக் குடித்து முத்தம்மாள் தம் உயிரை முடித்துக்கொண்டார் என்பர். கணவனை இழந்து, மகனை இழந்து, மருமகளையும் இழந்த ஓர் அம்மையாரின் மடியில் ஒரு பச்சிளங் குழந்தை இருந்தது. அக்குழந்தைக்கு விசயரங்க சொக்கநாதன் என்று பெயரிட்டு முடிசூட்டி, அதன் பெயரால் ஆட்சிப் பொறுப்பை மங்கம்மாள் ஏற்றார்.

அவரது அரசியலை விரித்துரைக்கப் புகின் தனி நூலே ஆகும். சுருங்கச் சொல்வதாயின், எங்கே பணிவது, எங்கே நிமிர்வது என்பதை அறிந்தவர் அவர். செஞ்சியை முற்றுகையிட்டிருந்த முகலாயத் தளபதி சுல்பிகர்கானுக்குப் பரிசில் அனுப்பி, பேரரசுக்குத் திறை செலுத்த இசைந்தார். மகன் செருப்பைக் காலில் மாட்டினார் என்றால், தாய் அதனால் வரக்கூடிய படையெடுப்பைப் பொன்னால் தடுத்தார். அதே அம்மையார், திருவிதாங்கூர் மன்னர் திறை தர மறுத்தபோது தளவாய் நரசப்பய்யர் தலைமையில் 1697-ஐ ஒட்டிப் படை அனுப்பி வென்றார். 1700-ல் தஞ்சையோடு போர். பின் அதே தஞ்சையோடு உடன்பாடு. ஏனெனில் மைசூர் சிக்கதேவராயர் காவிரிக்குக் குறுக்கே கட்டிய அணை இருவர் வயலையும் காய வைத்தது. 1702-ல் இராமநாதபுரம் கிழவன் சேதுபதியோடு நிகழ்ந்த போரில் மட்டும் தோல்வி. தளவாய் நரசப்பய்யரையும் அப்போரில் இழந்தார்.

சமயத் துறையில் அவர் காட்டிய பெருந்தன்மையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். திருச்சிராப்பள்ளித் தர்காவுக்கு 1701-ல் நிலக்கொடை அளிக்கப்பட்டது. பூஷே பாதிரியாரை அவையில் மதிப்புடன் வரவேற்றார். அண்டை நாடான இராமநாதபுரத்தில் 1693-ல் ஜான் தெ பிரிட்டோ பாதிரியார் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட காலத்தை நினைத்தால் இதன் அருமை விளங்கும். மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஊஞ்சல் மண்டப விதானத்தில் அவர் உருவமும் பேரன் உருவமும் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளன. மதுரை செல்லும் நண்பர்கள் அண்ணாந்து பார்க்கத் தவற வேண்டாம்.

இனி, நான் எழுத வந்த சாலைக்கு வருவோம்.

இன்று நாம் சாலை என்றவுடன் தாரும் பலகையும் நினைவுக்கு வருகின்றன. மங்கம்மாள் காலத்துச் சாலை மண்ணாலானது. அப்படியாயின் அது சாலை என்பதை வழிப்போக்கன் எதைக் கொண்டு அறிந்தான்? வழிகாட்டும் கல் நடும் வழக்கம் தமிழகத்தில் அவருக்கு முன்னரே உண்டு. தருமபுரிப் பக்கத்தில் அதியமான் பெருவழி என்று பெயர் பொறித்த 13-ஆம் நூற்றாண்டுக் கற்கள் கிடைத்துள்ளன. நாவற்றாவளம் என்ற ஊருக்கு இத்தனைக் காதம் என்று அவற்றில் எழுதப்பட்டிருக்கிறது. 29 காதம் என்று எழுதிய கல்லில் எழுத்தோடு நின்றுவிடாமல் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் குடைந்திருக்கின்றனர். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து. சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. எழுத்தறியாதவன் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். நிலவில்லாத இரவிலும் அது பயன்படும். படித்தவனுக்கு மட்டும் வழி சொல்லுவது வழியாகாது என்று எண்ணிய அந்தப் பெயரறியாச் சிற்பியை நான் எப்போதும் வியப்பதுண்டு.

மங்கம்மாளின் சாலைகளுக்கோ எழுத்தே தேவைப்படவில்லை. இருமருங்கும் நட்ட மரங்களே அவற்றின் பலகை. எட்டயபுரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட நிலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அது கரிசல் காடு. குன்றில்லை, ஆறில்லை, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ஒரே சமநிலம். ஐப்பசி மழை பெய்தால் வண்டித்தடம் அடையாளம் தெரியாமல் கரைந்துவிடும். சக்கரம் அச்சு வரை புதையும். அந்த நிலத்தில், அரை நாள் நடைக்கு அப்பால் நிற்பவனுக்கும், இதோ இங்கே பாதை போகிறது என்று வானத்தின் விளிம்பில் கோடு கிழித்துக் காட்டுவது மர வரிசை ஒன்றே. கோடையில் அதே மரம் நிழல். இன்றைய பலகை வழியை மட்டும் சொல்லும். அன்றைய பலகை வழியையும் சொல்லி, வெயிலையும் தடுத்தது.

மரத்தை அடுத்துக் கிணறு. கிணற்றை அடுத்துச் சுமைதாங்கிக் கல். நம் இளைய மாணவர்களுள் பலர் சுமைதாங்கியைப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் ஆள் தோளுயரத்தில் ஒரு நீண்ட கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலையில் உப்பு மூட்டையோ கருவாட்டுக் கூடையோ சுமந்து தனியே வருபவன், பிறர் உதவியின்றி அதன் மீது சுமையை நகர்த்தி வைத்து இளைப்பாறி, மீண்டும் அப்படியே தலைக்கு நகர்த்திக்கொள்ளலாம். கருவுற்ற நிலையிலோ பேறுகாலத்திலோ இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நடுவது நம் பக்கத்து வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்கு ஈடாக, ஊரார் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். இந்த வழக்கத்தை எண்ணும்போதெல்லாம் எனக்குப் பிள்ளை பெற்றவுடன் மாண்ட முத்தம்மாளின் நினைவு வருகிறது. மருமகளுக்காக மங்கம்மாள் சுமைதாங்கி நட்டார் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. என் மனம் அப்படி ஓடுகிறது, அவ்வளவுதான்.

இவற்றுக்கு மேல் சத்திரம். சத்திரம் வந்தது என்றால் ஒரு நாள் நடை முடிந்தது என்று பொருள். அங்கே படுக்க இடமும், உண்ணச் சோறும், கூடவே மறுநாள் வழியைப் பற்றிய செய்தியும் கிடைக்கும். எந்த ஊரில் கள்வர் பயம், எந்த ஆற்றில் வெள்ளம் என்பனவெல்லாம் சத்திரத்துத் திண்ணையில் தெரிந்துவிடும். ஊர்ப் பெயர்களிலும் இக்காலச் சுவடுகள் தங்கிவிட்டன. மதுரைச் சாலையில் ஒட்டப்பிடாரத்துக்கும் பாஞ்சாலங்குறிச்சிக்கும் திரும்பும் பகுதியில் உள்ள ஊருக்குப் பெயரே குறுக்குச்சாலை. பலகை நடுவதற்குப் பதில் ஊருக்கே பலகையின் வாசகத்தைப் பெயராக வைத்துவிட்டார்கள் போலும்!

இந்தச் சாலைகளில் எங்கள் கடற்கரைக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். மங்கம்மாள் ஆண்ட காலத்தில் தூத்துக்குடித் துறை டச்சுக்காரர் கையில் இருந்தது. 1658-ல் போர்ச்சுகீசியரிடமிருந்து அதனை அவர்கள் பறித்துக்கொண்டனர். கடலில் முத்துக் குளித்தவர் பரதவர்; நிலத்துக்கு உரியவர் மதுரை நாயக்கர்; துறைக்கு உரியவர் டச்சுக்காரர். இந்த மும்முனை உறவில், முத்துக்குளிப்பு நடக்கும் ஆண்டுகளில் நாயக்கருக்கும் சேதுபதிக்கும் உரிய பங்கைக் கல் என்ற கணக்கால் அளந்தனர். குளியாள் காலில் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் கனத்த கல்லே அது. ஒரு கல் என்றால் ஒரு குளியாளின் உழைப்பு. இத்தனைக் கல் மன்னருக்கு என்றால், அத்தனைக் குளியாட்கள் எடுத்த சிப்பி மன்னருக்கு. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டதும் வணிகரும் தட்டாரும் வேடிக்கை பார்ப்பவரும் உள்நாட்டிலிருந்து திரள்வர். வெறும் மணல் மேட்டில் ஒரு பட்டணமே முளைக்கும். அவர்கள் நடந்து வருவதற்கும், முத்து நாடு முழுவதும் போவதற்கும் வழி வேண்டும் அன்றோ? கடலில் கல்லால் பங்கை அளந்த நம் மக்கள், கரையில் தொலைவையும் கல் என்றே சொல்லினர். திருச்செந்தூர் இங்கிருந்து இத்தனைக் கல் என்று இன்றும் முதியோர் கூறக் கேட்கலாம். மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. குளியாளின் கல் போயிற்று. வழிக்கல் மட்டும் சொல்லில் நிற்கிறது.

கடலோடிகளுக்கும் பலகை உண்டு என்பதை இடையிலே சொல்லிவிடுகிறேன். கரையில் தெரியும் கோபுரத்தையும் பனை மரத்தையும் ஒரே கோட்டில் வைத்துத் தாம் நிற்கும் இடத்தை அறிவது எங்கள் பக்கத்து மீனவர் வழக்கம். திருச்செந்தூர்க் கோபுரம் பக்தனுக்குக் கோபுரம். தோணிக்காரனுக்கு அது பலகையும் கூட.

மங்கம்மாள் இத்தனை அறங்களை ஏன் செய்தார் என்பதற்கு மக்கள் ஒரு கதை சொல்வர். ஒருநாள் வெற்றிலை போடும்போது நினைவு தவறி இடக்கையால் வாயில் இட்டுவிட்டாராம். அது பெரும் பாவம் என்று அஞ்சி, பெரியோரைக் கேட்க, சாலைகள் அமைத்து மரம் நட்டு, சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் வைத்தால் பாவம் தீரும் என்றனராம். நாட்டுப்புறத்தார் இக்கதையை நயமாகச் சொல்வர். எனக்கு இது அவ்வளவு உவப்பாக இல்லை. ஓர் ஆண் அரசன் சாலை போட்டால் அதனைக் கொடை என்கிறோம், ஆட்சித் திறன் என்கிறோம். ஒரு பெண் போட்டால் அதற்குப் பின்னே ஏதோ ஒரு குற்றமும் கழுவாயும் இருந்தாக வேண்டுமா? வரியை ஒழுங்காகத் தண்டுவதற்கும், படையை விரைவாக நடத்துவதற்கும், சந்தை சந்தையாகச் சரக்குப் போவதற்கும் சாலை வேண்டும் என்பது பதினேழு ஆண்டுகள் அரசாண்ட ஒருவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? திருவிதாங்கூருக்குப் படை அனுப்பியவர் அவர் என்பதை மறக்கலாகாது.

நடுநிலையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதுரைக்குத் தெற்கே குமரி வரை மரம் நின்ற பழைய சாலை ஒவ்வொன்றையும் அவர் பெயரால் வழங்குவது மக்கள் வழக்கம். அத்தனையும் அவர் புதிதாக வெட்டியவை என்று கொள்வதற்கில்லை. பாண்டியர் காலத்திலேயே பெருவழிகள் இருந்தன. அவற்றுள் பலவற்றை அவர் செப்பனிட்டு, மரமும் கிணறும் சத்திரமும் சேர்த்திருப்பார். அவருக்குப் பின் வந்தோர் நட்ட மரங்களும் அவர் கணக்கில் சேர்ந்திருக்கும். என் ஆச்சி சொல்லும் சாலையும் அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம். ஆனால் இதனாலும் அவர் புகழ் குறைவதாக நான் கருதவில்லை. வேறொருவர் செய்த நன்மையைக்கூட மக்கள் தாமாகக் கொண்டுவந்து ஒருவர் பெயரில் சேர்க்கிறார்கள் என்றால், அவர் செய்தது அவர்கள் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும்!

அவரது முடிவு துயரமானது. மடியில் வைத்து முடிசூட்டிய பேரன் வளர்ந்து ஆளானான். ஆட்சியை ஒப்படைக்கும் காலம் வந்தது. மங்கம்மாள் உடனே ஒப்படைக்கவில்லை. அமைச்சரின் சொல் கேட்டுத் தயங்கினார் என்பர் சிலர். பேரனின் தகுதியில் ஐயம் கொண்டார் என்பர் வேறு சிலர். அதிகாரத்தைப் பதினேழு ஆண்டுகள் கையில் வைத்திருந்தவருக்கு அதனை விடுவது அருமை என்பதும் உண்மையாக இருக்கலாம். அவரைப் போற்றும் நாம் இதனை மறைக்க வேண்டியதில்லை. 1706-ஐ ஒட்டி விசயரங்கனைச் சார்ந்தோர் அவரைச் சிறையிட்டனர். கண்ணுக்குத் தெரியும்படி உணவை வைத்து, கைக்கு எட்டாமல் செய்து, பட்டினியால் சாகவிட்டனர் என்பது செவிவழிச் செய்தி. இதனை ஏற்காத வரலாற்றாசிரியரும் உளர். எப்படியாயினும், நாடெங்கும் வழிப்போக்கருக்குச் சோறிட்டவர் பட்டினியால் மாண்டார் என்று மக்கள் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்கள். விசயரங்க சொக்கநாதர் 1732 வரை ஆண்டார். அவருக்குப் பின் அரசி மீனாட்சி. அவரோடு மதுரை நாயக்கர் ஆட்சி முடிந்தது.

அரசு போயிற்று, சாலை நின்றது. ஆங்கிலேயர் வந்தனர், மைலுக்கு ஒரு கல் நட்டனர். பழைய மைல்கற்கள் சிலவற்றில் ரோமானிய எண்ணும் தமிழ் எண்ணும் சேர்ந்தே இருக்கும். பருத்திப் பொதி ஏற்றிய மாட்டு வண்டிகள் தூத்துக்குடித் துறைக்கு இரவெல்லாம் வரிசையாக வரும். 1876-ல் இரயில் வந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் அளவு நாடெங்கும் வர, மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது. ஆயினும் நாம் மைல்கல் என்று சொல்வதை விடவில்லை. கல்லின் தலைக்கு வண்ணம் பூசும் முறையும் வந்தது. மஞ்சள் தலையென்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சைத் தலையென்றால் மாநில நெடுஞ்சாலை. எழுத்தறியாதவரும் நிறத்தைக் கொண்டு சாலையின் தரத்தை அறியலாம் என்ற வகையில், அதியமான் பெருவழிக் குழிகளுக்கு இது தூரத்து உறவு என்று நான் எண்ணுவதுண்டு.

எண்களின் கதை சற்று வேடிக்கையானது. காசியிலிருந்து குமரி வரை வந்த சாலைக்கு எண் 7. அதிலிருந்து பாளையங்கோட்டையில் பிரிந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கிளைக்கு 7ஏ. திருச்சியிலிருந்து மதுரை வழியாகத் தூத்துக்குடிக்கு வருவது 45பி. கேடய வடிவத்தில், மஞ்சள் நிறத்தில் கறுப்பு எழுத்தால் இவ்வெண்களை எழுதி வைத்தனர். 2010-ல் மத்திய அரசு நாடு முழுவதும் எண்களை மாற்றியது. வடக்கு தெற்காகப் போவனவற்றுக்கு இரட்டைப்படை எண்; கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காகப் போவனவற்றுக்கு ஒற்றைப்படை எண். வடக்கிலிருந்து தெற்கே வர வர எண் கூடும். கிளைச் சாலைக்கு மூன்று இலக்கம். கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் தாய்ச்சாலை தெரிந்துவிடும். இதன்படி 45பி, வேலூரிலிருந்து தூத்துக்குடி வரை நீண்ட 38-இன் பகுதி ஆயிற்று. குமரிச் சாலை 44 ஆயிற்று. நெல்லையிலிருந்து வரும் 7ஏ-யின் எண் 138 ஆயிற்று. அதாவது, காசிச் சாலையின் பிள்ளையாக இருந்த நம் நெல்லைச் சாலை, ஒரே அறிவிப்பில் வேலூர்ச் சாலையின் பிள்ளையாகிவிட்டது! முறை அறிவுப்பூர்வமானது என்பதில் ஐயமில்லை. எண்ணைப் பார்த்தே திசையை அறியலாம். ஆனால் என் தந்தையாரும் அவருடைய தோழர்களும் இன்றும் 45பி என்றே சொல்கிறார்கள். வெண்பலகையில் கறுப்பு எழுத்து என்றிருந்த திசைப் பலகைகள், விளக்கொளி பட்டால் மின்னும் பச்சைப் பலகைகளாகிச் சாலைக்கு மேலேயே தொங்குகின்றன. இரவில் ஓட்டுபவருக்கு அவை பேருதவி என்று தந்தையார் கூறுவார். 2017-ல் வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கற்களில் ஆங்கிலத்தை அழித்து இந்தியை எழுதியபோது எழுந்த கண்டனம் நினைவிருக்கும். கல் யாருக்காக நிற்கிறது என்ற பழைய கேள்விதான் அது.

மங்கம்மாளின் பெயரும் சிறிது காலம் எழுத்தாக ஓடியதுண்டு. திண்டுக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் பேருந்துக் கழகத்துக்கு இராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் என்று பெயர். சாலை போட்டவரின் பெயர் சாலையில் ஓடும் வண்டியின் நெற்றியில்! இதைவிடப் பொருத்தம் ஏது? 1997-ல் தென்மாவட்டக் கலவரங்களுக்குப் பின், தலைவர்கள் பெயர்கள் எல்லாவற்றையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் அரசு எடுத்துவிட்டது. கட்டபொம்மன் பெயர் போயிற்று; 1986-ல் பிறந்த நம் சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆயிற்று; மங்கம்மாள் பெயரும் போயிற்று. சிதம்பரனாரின் பெயர் 2011-ல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அரசியாரின் பெயர் வண்டிகளுக்குத் திரும்பி வரவில்லை.

எழுதாத பலகையாக நின்ற மரங்களும் இப்போது குறைந்து வருகின்றன. சாலைகள் நான்கு வழியாக அகன்றபோது இருபுறத்துப் பழைய மரங்கள் விழுந்தன. அகலச் சாலை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். துறைமுகச் சரக்கும் என் தந்தையாரின் பிழைப்பும் அதில்தான் இருக்கின்றன. முன்பு எட்டு மணி நேரம் பிடித்த வேலை இப்போது பாதியில் முடிகிறது. ஆனால் எண்ணை மாற்றினால் பழைய எண்ணை ஏட்டிலாவது பார்க்கலாம். ஆச்சியின் தலைமுறை போனபின், எந்த ஏட்டிலும் எண்ணிலும் இல்லாத மங்கம்மா சாலை என்ற பெயரை யார் சொல்வார்? எங்கள் வகுப்பு மாணவர் எழுவர் சேர்ந்து, அவரவர் ஊர்ப் பெரியவரிடம் கேட்டு, அப்பெயர் வழங்கும் துண்டுப் பாதைகளையும் அங்கே எஞ்சியிருக்கும் மரம், கிணறு, சுமைதாங்கி ஆகியவற்றையும் ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கியிருக்கின்றோம். இதைப் படிக்கும் நண்பர்கள் தம் ஊர்ச் செய்தியையும் வரலாற்றுத் துறையில் தந்தால் சேர்த்துக்கொள்வோம்.

முத்துநகர் விரைவு வண்டியில் மதுரையில் இறங்குவோர் நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் எதிரே பாருங்கள். மங்கம்மாள் சத்திரம் அங்கே அவர் பெயரோடு நிற்கிறது. வெளியூர்க்காரர்கள் அங்கே பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, மீனாட்சியம்மன் கோயிலுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.